75 சதவீதம்: பிளேயர்களிடம் ஓட்டுக் கேட்ட ஒரு கேமின் கதை

இந்த வாரம் ஒரு கேமின் வரலாறு. கேம் ஆடாதவங்களும் தாராளமா கேக்கலாம், ஏன்னா இது உண்மையில் ஒரு கேள்வியின் வரலாறு. நீங்க ஒரு ஆப்போ கேமோ உருவாக்கி லட்சக்கணக்கான பேர் கையில் கொடுத்துட்டீங்க. இப்போ அவங்க "இதை மாத்து, அதுல கை வைக்காதே" என்று கத்துகிறார்கள். யார் பேச்சை, எவ்வளவு தூரம் கேட்பது?

நம்ம துறையில் இதுக்கு ரெண்டு ரெடிமேட் பதில் உண்டு. ஒன்று, "கஸ்டமர் சொல்றதுதான் வேதவாக்கு." இன்னொன்று, "யூசருக்கு என்ன வேணும்னு யூசருக்கே தெரியாது." ரெண்டையும் ஒரே மீட்டிங்கில் ஒரே ஆள் சொல்லிக் கேட்டிருக்கேன். எந்த ஃபீச்சரை அவருக்குப் பிடிக்குதோ அதைப் பொறுத்து பதில் மாறும், அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் ஒரு கேம் கம்பெனி இந்த ரெண்டு பதிலையும் மாறி மாறி முயன்று பார்த்து, ரெண்டிலும் அடிபட்டு, கடைசியில் வேறொன்றைச் செய்தது. வாக்குச்சாவடியைக் கேமுக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தது. கேமின் பெயர் ரூன்ஸ்கேப். கம்பெனி ஜேகெக்ஸ்.

ரூன்ஸ்கேப் 2001 ஜனவரியில் வெளிவந்தது. எழுதியவர் ஆண்ட்ரூ கவர். கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த மாணவர். அண்ணன் தம்பி சேர்ந்து வீட்டிலிருந்தே ஆரம்பித்த வேலை. ஜாவாவில் எழுதப்பட்டு, பிரவுசரிலேயே ஓடும். இன்ஸ்டால் செய்ய வேண்டாம், கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம். அந்தக் காலத்து பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில்கூட ஓடும் என்பதுதான் அதன் பலம். ஸ்கூல் லேபில் சார் வரும்போது டேபை மூடினால் போதும். உலகம் முழுக்க ஒரு தலைமுறைப் பசங்க அப்படித்தான் ஆடினாங்க.

கேமில் என்ன செய்வீங்க? மரம் வெட்டுவீங்க. மீன் பிடிப்பீங்க. சுரங்கத்தில் இரும்பு எடுத்து வாள் அடிப்பீங்க. ஒவ்வொரு வேலையும் ஒரு ஸ்கில், ஒவ்வொரு ஸ்கில்லிலும் 99 லெவல். இங்க ஒரு கணக்கு முக்கியம். 99ஆம் லெவலுக்கு 1,30,34,431 புள்ளிகள் வேண்டும். அதில் சரிபாதி எந்த லெவலில் வரும் தெரியுமா? 50இல் இல்லை. 92இல். அதாவது 92ஆம் லெவலை எட்டியவர் பாதி தூரம்தான் வந்திருக்கிறார். நூற்றுக்கணக்கான மணி நேரம் ஒரே மரத்தைக் கிளிக் செய்துகொண்டிருப்பவரின் கேம் இது.

இதை ஏன் இவ்வளவு விளக்குறேன்னா, இந்தக் கதையில் வரும் கோபம் எல்லாம் இந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்குது. ஒரு ஆப்பில் பட்டனை இடம் மாத்தினா எரிச்சல் வரும். ஆனா ஒருவர் நாலு வருஷமா சேர்த்த ஒன்றின் மதிப்பை ஒரு அப்டேட்டில் மாத்தினா, அது அவருடைய நாலு வருஷத்தில் கை வைப்பது.

2007க்கு வருவோம். கேம் உச்சத்தில் இருக்கு. கேமுக்குள் ஓடும் தங்கக் காசை நிஜப் பணத்துக்கு விற்கிற வியாபாரமும் உச்சத்தில் இருக்கு. சிலர் ஆட்களை வைத்தும், சிலர் பாட் புரோகிராம்களை வைத்தும் நாள் முழுக்க தங்கம் சேர்த்து வெளியே விற்றார்கள். இதில் கம்பெனிக்கு என்ன நஷ்டம் என்று தோணலாம். அந்த அக்கவுண்டுகளில் பலவற்றுக்குத் திருட்டு கிரெடிட் கார்டில் சந்தா கட்டப்பட்டது. கார்டின் உண்மையான சொந்தக்காரர் புகார் கொடுப்பார், வங்கி பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், அபராதமும் போடும். இப்படிப் புகார் குவியும் வியாபாரியிடம் கார்டு கம்பெனிகள் உறவையே முறித்துக்கொள்ளலாம். சந்தாவில் ஓடும் கம்பெனிக்கு அது மூச்சை நிறுத்துவது மாதிரி.

ஜேகெக்ஸ் இதற்கு எடுத்த முடிவு, ஒரு என்ஜினியராகப் பார்த்தால் சுத்தமான முடிவு. காசு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு சும்மா போகிற எல்லா வழியையும் அடை. ஒருவருக்கொருவர் பொருள் மாற்றும்போது ரெண்டு பக்க மதிப்பும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வர்த்தகம் நடக்காது. வைல்டர்னஸ் என்று ஒரு பகுதி இருந்தது. அங்கே ஒருவரை ஒருவர் கொல்லலாம், கொன்றவர் பொருளை எடுத்துக்கொள்ளலாம். காசு வாங்கியவரிடம் வேண்டுமென்றே செத்துக் கொடுத்தால் அதுவும் பணப் பரிமாற்றம்தானே? அதையும் 2007 டிசம்பரில் மூடினார்கள். 2008 ஜனவரியில் வர்த்தகக் கட்டுப்பாடு வந்தது. லாஜிக்கில் ஓட்டையே இல்லை.

ஆனால் நண்பனுக்கு ஒரு வாளைப் பரிசாகக் கொடுக்க முடியாது. தம்பி புதுசா கேமுக்கு வந்தா அவனுக்குக் கொஞ்சம் காசு கொடுத்து உதவ முடியாது. கோட்டை விட்டுப் போன நண்பன் கீழே போட்ட பொருளைக்கூட எடுத்துக்க முடியாது. வைல்டர்னஸுக்காகவே ஆடியவர்களுக்கு அங்கே வேலையே இல்லாமல் போனது. கேமுக்குள் கூட்டம் கூடிக் கலவரம் செய்தார்கள். ஆயிரக்கணக்கில் சந்தாவை ரத்து செய்தார்கள். கம்பெனி காரணம் சொன்னது, முடிவை மாற்றவில்லை.

யார் பக்கம் நியாயம்? ரெண்டு பக்கமும்தான். அதுதான் சிக்கலே. "தங்கம் வாங்கி விற்பவன் செய்த தப்புக்கு எனக்கு ஏன் தண்டனை?" என்று கேட்டவர் கேட்டது சரி. "இதைச் செய்யாவிட்டால் நாளைக்கு கேமே இருக்காது" என்று பயந்த கம்பெனியின் பயமும் சரி. ஃபீட்பேக்கை வாசிக்கும்போது நமக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதிர்ப்பவருக்கு விஷயம் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்வோம். இங்கே எதிர்த்தவர்களுக்கு விஷயம் நன்றாகவே தெரிந்திருந்தது. அவர்கள் இழந்தது என்ன என்பதை அவர்களைவிட யாரும் துல்லியமாகச் சொல்லியிருக்க முடியாது. கம்பெனி காப்பாற்ற நினைத்தது எதை என்பதுதான் அவர்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது.

மூணு வருஷம் இப்படியே போனது. கோபம் ஆறவில்லை. 2010 டிசம்பரில் தொடங்கி 2011 ஜனவரி வரை ஜேகெக்ஸ் முதல்முறையாக ஒரு பெரிய வாக்கெடுப்பு நடத்தியது. பழைய வைல்டர்னஸும் கட்டற்ற வர்த்தகமும் திரும்ப வேண்டுமா? 12 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டுகள். 91 சதவீதம் வேண்டும் என்றது. பிப்ரவரி முதல் தேதி ரெண்டும் திரும்பி வந்தன.

கூடவே யார் திரும்பி வந்தார்கள்? பாட்கள். அந்த வருஷம் முழுக்க மரம் வெட்டுற இடம், மீன் பிடிக்கிற இடம் எல்லாம் ஒரே மாதிரி பெயர் வைத்த, ஒரே மாதிரி நடக்கிற பொம்மைகள். அக்டோபரில் கம்பெனி "பாட் நியூக்கிங் டே" என்று ஒரு நாளே குறித்து, கேமின் உள்ளமைப்பை மாற்றி, கூட்டம் கூட்டமாகத் தடை செய்தது. 91 சதவீதம் பேர் கேட்டது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் இழந்ததைத் திரும்பப் பெற்றார்கள். கம்பெனி 2007இல் பயந்ததும் அப்படியே நடந்தது. ஒரே வருஷத்தில் ரெண்டு தரப்பும் சரி என்று நிரூபணமான கேஸ் இது.

இந்த வாக்கெடுப்பிலிருந்து ஜேகெக்ஸ் ஏதாவது கற்றுக்கொண்டதா என்று கேட்டால், அடுத்த வருஷம் நடந்ததைப் பார்த்தால் இல்லை என்றுதான் சொல்லணும்.

ரூன்ஸ்கேப்பில் சண்டை ரொம்ப எளிமை. எதிரியைக் கிளிக் செய்வீங்க, ரெண்டு பேரும் மாறி மாறி அடிச்சுக்குவாங்க, நீங்க டீ குடிச்சுட்டு வரலாம். 2012இல் மற்ற ஆன்லைன் கேம்கள் எல்லாம் வேற லெவலுக்குப் போயிருந்தன. அடியில் வரிசையாகத் திறன் பட்டன்கள், எதை எப்போது அழுத்துவது என்பதில் சாமர்த்தியம். தங்கள் கேம் பழசாகிவிட்டது என்று ஜேகெக்ஸுக்குத் தோன்றியது. சண்டை முறையை அடியோடு மாற்றும் "எவல்யூஷன் ஆஃப் காம்பாட்" என்ற அப்டேட்டைத் தயாரித்தது. அதற்கு பீட்டாவும் நடத்தியது. பீட்டாவில் ஆடிய பலர் "இது எங்க கேமே இல்லை" என்று சொன்னார்கள். 2012 நவம்பர் 20 அன்று அப்டேட் வந்துவிட்டது.

நான் வேலை பார்க்கும் டீமிலும் பீட்டா நடத்துவோம், அதனால இது எனக்கு ரொம்பப் பழக்கமான இடம். பீட்டா ரெண்டு வகை. "இது சரியா ஓடுதா?" என்று கேட்பது ஒன்று. "இது வேணுமா?" என்று கேட்பது இன்னொன்று. ரிலீஸ் தேதி குறித்த பிறகு நடக்கும் பீட்டாவில் முதல் கேள்விக்குத்தான் இடம் இருக்கும். ரெண்டாவது கேள்விக்கு யூசர் பதில் எழுதினால், அதைப் போட நம்மிடம் பெட்டியே இருக்காது. பக் வந்தால் டிக்கெட் போடலாம். "வேணாம்" என்பதற்கு என்ன டிக்கெட் போடுவது? யாருக்கு அசைன் செய்வது?

விளைவு, பிளேயர்கள் போய்விட்டார்கள். திட்டி எழுதியவர்களைவிடப் பேசாமல் போனவர்களைப் பார்த்துத்தான் கம்பெனி பயந்திருக்கணும். அதே வருஷம் காசு கொடுத்துச் சுற்றும் அதிர்ஷ்டச் சக்கரம் ஒன்றையும் கேமுக்குள் கொண்டுவந்திருந்தார்கள். பல வருஷம் மரம் வெட்டியவருக்கு அது வேற கடுப்பு. இதற்கிடையில் யார் யாரோ தனியாக ஓட்டிய பைரேட்டட் சர்வர்களில் பழைய ரூன்ஸ்கேப்பை ஆட ஆயிரக்கணக்கானோர் போய்க்கொண்டிருந்தார்கள். இதுவும் ஒரு ஃபீட்பேக்தான், கவனிச்சீங்களா? எந்த சர்வேயிலும் வராத ஃபீட்பேக்.

இந்த நேரத்தில் கம்பெனியிடம் ஒரு பேக்கப் கிடைத்தது. 2007 ஆகஸ்டில் எடுத்த, கேமின் முழு சோர்ஸ் கோட். மேலே சொன்ன எந்தச் சண்டையும் தொடங்குவதற்கு முந்தைய ரூன்ஸ்கேப்.

2013 பிப்ரவரியில் ஜேகெக்ஸ் மறுபடி ஓட்டுக் கேட்டது. ஆனா இந்த முறை கேட்ட விதத்தைப் பாருங்க. "பழைய கேம் வேணுமா?" என்று மொட்டையாகக் கேட்கவில்லை. சும்மா கேட்டா எல்லாரும் வேணும்னுதான் சொல்வாங்க, இலவச இட்லி மாதிரி. ஓட்டுக்கு ஒரு விலைப்பட்டியலே போட்டார்கள். 50,000 ஓட்டு வந்தால் சர்வர் திறப்போம், ஆனால் வழக்கமான சந்தாவுக்கு மேல் மாதம் 15 டாலர் கட்டணும். 2,50,000 வந்தால் கூடுதல் தொகை 5 டாலர். 5 லட்சம் வந்தால் கூடுதல் கட்டணமே கிடையாது, தனி டெவலப்மெண்ட் டீமும் உண்டு. பழைய கோடை ஓட்ட ஆள் வேண்டும், சர்வர் வேண்டும், அதற்குச் செலவு இருக்கிறது என்பதைக் கேள்விக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். 2007இல் பிளேயர் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த பக்கம் இப்போ வாக்குச் சீட்டிலேயே இருந்தது.

ஏறக்குறைய நாலரை லட்சம் ஓட்டு விழுந்தது. 5 லட்சத்தைத் தொடவில்லை. ஆனாலும் கூடுதல் கட்டணத்தைக் கைவிட்டார்கள். ஓட்டெடுப்பு முடியும் வரைகூடக் காத்திருக்காமல் 2013 பிப்ரவரி 22 அன்று ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் திறக்கப்பட்டது. பழைய கேரக்டர்கள் வரவில்லை. எல்லாரும் முதலிலிருந்து. நூற்றுக்கணக்கான மணி நேரம் செலவழித்து 99 எடுத்தவர்களும் மறுபடி லெவல் 1 மரம் வெட்டப் போனார்கள், அதுவும் சந்தோஷமாக. அவர்களுக்கு லெவல் முக்கியமில்லையா என்று கேட்டால், முக்கியம்தான். அதை யார் மாற்றலாம் என்பது அதைவிட முக்கியமாக இருந்திருக்கிறது.

அங்கேதான் இந்தக் கேமின் பெரிய விதி பிறந்தது. இனிமேல் இந்தக் கேமில் புதிதாக எது சேர்ப்பதென்றாலும் பிளேயர்களிடம் ஓட்டுக்கு விடுவோம். 75 சதவீதம் ஆம் என்றால்தான் சேர்ப்போம். கேமின் ஊர்களுக்குள் வாக்குச்சாவடி நிற்கும், நடந்து போய் ஓட்டுப் போடலாம். முந்தாநாள் அக்கவுண்ட் திறந்தவர் போட முடியாது, ஓரளவு ஆடியிருக்க வேண்டும். ஆம், இல்லை, இந்தக் கேள்வியைத் தாண்டிச் செல்கிறேன் என்று மூணு பட்டன். மூணாவது கிட்டத்தட்ட நோட்டா மாதிரி, சதவீதக் கணக்கில் சேராது.

முதலில் ஓட்டுக்குப் போன பெரிய விஷயங்களில் ஒன்று காட் வார்ஸ் டஞ்சன். 2007 ஆகஸ்ட் கடைசியில், அதாவது அந்த பேக்கப் எடுத்த சில வாரத்திலேயே, பழைய கேமில் வந்த புகழ்பெற்ற பகுதி. பேக்கப்பில் இல்லை. ஓட்டில் வென்றதால் 2013 அக்டோபரில் அதை மறுபடி உருவாக்கிச் சேர்த்தார்கள்.

இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது ஓட்டு இல்லை. ஓட்டுக்கு முன்னால் நடப்பதுதான். ஒரு யோசனையை வாக்குச்சீட்டில் போடுவதற்கு முன் டெவலப்பர்கள் அதை விலாவாரியாக எழுதி வெளியிட வேண்டும். இந்த பாஸை அடித்தால் என்ன கிடைக்கும், எத்தனை தடவைக்கு ஒருமுறை கிடைக்கும், அந்தப் பொருள் வந்தால் ஏற்கெனவே இருக்கும் எந்தப் பொருளின் விலை சரியும். பிளேயர்கள் அதைக் கிழி கிழி என்று கிழிப்பார்கள். எண்கள் மாறும். மறுபடி வெளியிடுவார்கள். கடைசியில் வாக்குச்சீட்டில் இருக்கும் கேள்வி, எழுதிக் காட்டியபடி இதைச் சேர்க்கலாமா என்பதுதான். நம்ம ஆபீஸில் டிசைன் டாக்குமெண்ட் என்று ஒன்று எழுதுவோமே, நாலு பேர் திறந்து பார்த்து மூணு பேர் படிக்காமல் கட்டைவிரல் போடுவது? அதையே கஸ்டமர்கள் லட்சம் பேர் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்க. அதுவும் கோட் எழுதுவதற்கு முன்னால். அந்த நேரத்தில் ஒரு எண்ணை மாற்ற ஆகும் செலவு ஒரு பேக்ஸ்பேஸ்.

சரி, இதுவரை கேட்டா எல்லாம் நல்லபடியாத் தெரியும். இப்போ இதன் கசப்பான பக்கம்.

75 சதவீதம் என்றால் என்ன? நாலு பேரில் ஒருவர் மட்டும் எதிர்த்தால் அது தொங்கலில் நிற்கும், கொஞ்சம் கூடினால் தோற்கும். மூணில் ரெண்டு பங்கு ஆதரவு வாங்கினாலும் தோல்விதான். 2019இல் வார்டிங் என்று ஒரு புது ஸ்கில்லை முன்வைத்தார்கள். மந்திரவாதிகளுக்கான உடைகளைச் செய்யும் ஸ்கில். ஏறக்குறைய அந்த அளவு ஆதரவு கிடைத்தது. தோற்றது. அதற்கு முன்னால் ஆர்ட்டிசன் என்ற ஸ்கில்லும், செய்லிங் என்ற கடலோடும் ஸ்கில்லும் அப்படித்தான் போயின. புதுசா ஒன்று வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள், குறிப்பாக எது என்று காட்டினால் ஆளுக்கொரு காரணத்துக்காக வேண்டாம் என்பார்கள். வாக்கெடுப்பு என்பது இயல்பிலேயே இருப்பதன் பக்கம் சாய்கிற தராசு. 2007ஐக் காப்பாற்ற வைத்த பூட்டுக்கு அது பொருத்தம். ஆனால் பூட்டு பூட்டாகத்தான் வேலை செய்யும், கதவாக வேலை செய்யாது.

இதைவிட மோசமானது வைல்டர்னஸ்காரர்களுக்கு நடந்தது. ஒருவரை ஒருவர் கொன்று ஆடுபவர்கள் கேமில் சிறுபான்மை. மீதிப்பேர் மரம் வெட்டி, பாஸ் அடித்து ஆடுபவர்கள். இவர்கள் வைல்டர்னஸ் பக்கம் ஒரு வேலையாகப் போனால் அவர்கள் கொன்று பொருளைப் பறிப்பார்கள். அந்தக் கடுப்பு இருக்கும்தானே? சிறுபான்மைக்கு உதவுகிற ஒரு மாற்றம் ஓட்டுக்கு வந்தால், தங்களுக்குச் சம்பந்தமே இல்லாவிட்டாலும் பலர் வீம்புக்கு "இல்லை" போட்டார்கள். தாண்டிச் செல்லும் பட்டன் பக்கத்திலேயே இருந்தது. இப்படி ஒன்று இல்லை, பல தடவை. கடைசியில் கம்பெனி அந்த வகை மாற்றங்களில் சிலவற்றை ஓட்டுக்கு விடாமலேயே செய்ய ஆரம்பித்தது. கேமின் சமநிலையைக் காக்க அவசியமான திருத்தங்கள் டெவலப்பர்களின் பொறுப்பு என்று தனியாகப் பிரித்தது.

எனக்கு அந்த முடிவு சரி என்றுதான் படுகிறது. ஒரு ஆப்பில் கண்பார்வை இல்லாதவர்களுக்கான ஸ்கிரீன் ரீடர் வசதியைச் சேர்ப்பதா என்று எல்லா யூசரிடமும் ஓட்டு எடுத்தால் எத்தனை ஓட்டு விழும்? தேவைப்படுபவர் எண்ணிக்கை குறைவு என்பதே அதைச் செய்யாமல் விடக் காரணமாகாது. யாரிடம் கேட்கிறோம் என்பதை முடிவு செய்யாமல் எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணுவதில் பயனில்லை.

2017 ஜூனில் இதே கேள்வி வேறு உருவத்தில் வந்தது. பால்புதுமையினர் மாதத்தையொட்டி ஜேகெக்ஸ் கேமுக்குள் ஒரு சின்ன பிரைட் நிகழ்ச்சி வைத்தது. "எங்களிடம் ஓட்டுக் கேட்காமல் எப்படிச் சேர்க்கலாம்?" என்று ஒரு கூட்டம் கேமுக்குள்ளேயே போராட்டம் நடத்தியது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் நிகழ்ச்சிகளை நாங்கள் என்றைக்கும் ஓட்டுக்கு விட்டதில்லையே என்று கம்பெனி சொன்னது. சொல்லிவிட்டு நிகழ்ச்சியை நடத்தியது. எதை ஓட்டுக்கு விடுவது என்பதே ஒரு முடிவு. அந்த முடிவை மட்டும் ஓட்டுக்கு விட முடியாது.

இன்னொரு கூட்டத்தையும் சொல்லிடறேன். வர்த்தகம் கட்டற்றதாக இருக்கும்வரை தங்கம் விற்பவர்களும் இருப்பார்கள் என்றேன் இல்லையா? 2017 வாக்கில் அவர்களில் பலர் வெனிசுவேலாக்காரர்கள். அவர்கள் நாட்டுப் பணம் மதிப்பிழந்து குப்பையாகிக்கொண்டிருந்த நேரம். நாள் முழுக்க கேமில் பச்சை டிராகன்களைக் கொன்று சேர்த்த தங்கத்தை டாலருக்கு விற்றுச் சோறு தின்றார்கள். கேமின் விதிப்படி அது குற்றம். அவர்களைத் தேடிப்போய்க் கொல்வது எப்படி என்று மற்ற பிளேயர்கள் கையேடே எழுதினார்கள். விளையாட்டுக்காக வருபவரும் வயிற்றுக்காக வருபவரும் ஒரே டிராகன் முன்னால் நின்றார்கள். இதில் "பிளேயர்கள் என்ன விரும்புகிறார்கள்" என்ற வாக்கியத்துக்கு என்ன அர்த்தம்? அந்த டிராகனை நினைத்தால் எனக்கு இன்றும் சரியாகப் பிடிபடுவதில்லை.

2022இல் 75ஐ 70 ஆகக் குறைத்தார்கள். அடுத்து புது ஸ்கில் பிரச்சினையை வேறு மாதிரி அணுகினார்கள். 2023 முழுக்க நடந்த அந்த வேலையை ஒவ்வொரு புராடக்ட் ஆளும் ஒருமுறை பார்க்கணும். முதலில் எந்த ஸ்கில் என்றே சொல்லவில்லை. புது ஸ்கில் என்று ஒன்று வேண்டுமா, வேண்டாமா? வேண்டும் என்று வந்தது. பிறகு மூணு யோசனைகளை வைத்தார்கள்: செய்லிங், டேமிங், ஷமனிசம். மூணில் எது? செய்லிங். எந்த செய்லிங்? ஒரு காலத்தில் ஏப்ரல் முதல் தேதி கேலியாக வந்து, பின்னர் நிஜமாகவே ஓட்டுக்குப் போய்த் தோற்ற அதே செய்லிங். அதன்பின் அதை எழுதி எழுதித் திருத்தி, மறுபடி ஓட்டுக்கு விட்டு, 70ஐத் தாண்டிய பிறகுதான் முழு வேலையில் இறங்கினார்கள். 2025 தொடக்கத்தில் ஆல்ஃபா. கப்பலை ஓட்டிப் பார்த்தவர்கள் சொன்னதை வைத்து மறுபடி திருத்தம். 2025 நவம்பரில் ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பின் முதல் புது ஸ்கில் வெளிவந்தது. கேம் தொடங்கிப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பழைய வார்டிங்கில் கேட்டது ஒரே கேள்வி. அந்த ஒரு "இல்லை"க்குள் புது ஸ்கில்லே வேண்டாம் என்பவர், வேறு ஸ்கில் வேண்டும் என்பவர், இதே ஸ்கில்தான், ஆனால் இந்த வடிவில் வேண்டாம் என்பவர் எல்லாரும் ஒன்றாக அடைபட்டுக் கிடந்தார்கள். செய்லிங்கில் அவர்களை ஒவ்வொருவராகப் பிரித்து வெளியே விட்டார்கள். நம்ம ஆப்புக்கு வரும் ஒரு ஸ்டார் ரிவ்யூக்களைத் திறந்து பாருங்க, இதே நெரிசல்தான் இருக்கும்.

இவ்வளவும் தெரிந்த கம்பெனி இனி சறுக்காது என்று நினைப்பீங்க. 2025 ஜனவரியில் ஜேகெக்ஸ் பிளேயர்களுக்கு ஒரு சர்வே அனுப்பியது. சந்தாவைப் பல அடுக்காகப் பிரித்தால் எதை வாங்குவீங்க என்ற கேள்வி. அதில் ஓர் அடுக்கில் விளம்பரமும் வரும். எதுவும் முடிவாகவில்லை, வெறும் சர்வேதான். ஆனாலும் தீப்பிடித்தது. சந்தா ரத்துகள், திட்டுகள். கம்பெனி மன்னிப்புக் கேட்டுப் பின்வாங்கியது. பன்னிரண்டு வருஷமாக வாக்குச்சீட்டைப் படித்துப் பழகியவர்கள் அந்த சர்வேயையும் வாக்குச்சீட்டாகத்தான் படித்தார்கள். இதைக் கேட்க வேண்டும் என்று உள்ளே யாருக்கோ தோன்றியிருக்கிறது என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த செய்தி. அதே வருஷம் ஓல்ட் ஸ்கூலில் ஒரே நேரத்தில் ஆடியவர்கள் எண்ணிக்கை 2 லட்சத்தைத் தாண்டியது. 2007இன் பேக்கப்பிலிருந்து எடுத்த கேம், இன்றைய ரூன்ஸ்கேப்பைவிடப் பெரிது.

பாட்கள் இன்னும் இருக்காங்க. அதற்கு மட்டும் யாரும் இதுவரை ஓட்டுப் போட்டுத் தீர்வு கண்டுபிடிக்கவில்லை.